ஐப்பசியில் இறுகும் கதவு

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், பல வீடுகளில் ஏதாவது ஒரு கதவு மூட மறுக்கும். தோளைக் கொடுத்து அழுத்தினால்தான் நிலைக்குள் உட்காரும். மறுபடி திறக்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். பொறுமை போய் ஆசாரியைக் கூப்பிடுவோம். அவர் இழைப்புளியை எடுத்து விளிம்பை நாலு இழைப்பு இழைத்துத் தருவார். கதவு சுகமாக மூடும். சித்திரை வெயில் வந்ததும் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், தாழ்ப்பாள் சரியாக மாட்டாது. இழைத்துத் தள்ளிய மரம் திரும்பி வரப்போவதில்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நடந்திருக்கும்: அந்த விளிம்பில் இருந்த பெயிண்டும் மரத்தோடு போயிருக்கும். அடுத்த மழைக்கு அந்த வெறும் மரம் முன்னைவிட வேகமாக ஈரத்தைக் குடிக்கும்.

மரக்கதவுக்கு வரும் கோளாறுகள் பல. வீங்கும், கோணும், அடி மக்கும், கரையான் ஏறும், வார்னிஷ் செதில் செதிலாக உரியும். கடைசியாகச் சொன்னதில் மட்டும் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் வேர் ஈரம்தான். கதவைப் பராமரிப்பதென்றால் ஈரம் எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று அறிந்து நடப்பது. நம் பணமும் கவனமும் கதவின் முகப்புக்குப் போகின்றன. கதவு கெடத் தொடங்குவதோ நாம் பார்க்காத மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்.

மரம் வெட்டப்பட்டு, அறுக்கப்பட்டு, நூறு வருஷம் ஆனாலும் காற்றிலுள்ள ஈரத்தோடு அதன் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்களால் ஆனவை. முதல் இரண்டிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். அவை நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட நீர் சுவருக்குள் இழைகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது, சுவர் தடிக்கிறது, மரம் வீங்குகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதம் வரை நீர் சேர்ந்ததும் சுவர்கள் நிரம்பிவிடும். அதற்கு மேல் சேரும் நீர் செல்லின் வெற்றிடத்தில் தங்குமே தவிர, மரத்தை மேலும் வீங்கச் செய்யாது. அந்த எல்லைக்குக் கீழே ஒவ்வொரு சதவீத ஏற்ற இறக்கமும் மரத்தின் அளவை மாற்றும்.

நம் கதவுகள் வாழ்வது அந்த எல்லைக்குக் கீழேதான். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், மரத்தின் ஈரம் 9 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதமாகும். 90 சதவீதமானால் 20ஐத் தொடும். சென்னை தன் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெறுகிறது. அந்த மாதங்களில் காற்று இரவு பகலாக ஈரமாகவே இருப்பதால் கதவு உலர அவகாசமே கிடைப்பதில்லை.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீங்குவதில்லை என்பதுதான் இதில் சுவாரசியமான சங்கதி. நீளவாட்டில் அது கிட்டத்தட்ட அசையாது. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தாலும் நீளத்தில் குறைவது 0.1 முதல் 0.2 சதவீதம்தான். அகலவாட்டில் கதை வேறு. தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும், வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். சுருக்கம் குறைவு என்று பெயர் வாங்கிய மரத்துக்கே இந்தக் கணக்கு. மற்ற பல மரங்கள் இதைவிட அதிகம் ஆடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மூன்றடி, அதாவது சுமார் 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவை ஒரே தேக்குப் பலகையாகச் செய்ய முடிந்தால், கோடையில் 9 சதவீத ஈரத்தில் இருந்தது மழையில் 16க்கு ஏறும்போது அது 12 மில்லிமீட்டர் வரை விரியும். அரை அங்குலத்துக்கு மிக அருகில். எந்த நிலையும் அதைத் தாங்காது. இதை நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். சட்டமும் பலகையும் கொண்ட கதவு அந்த அறிவில் பிறந்தது. இரண்டு பக்கமும் நெட்டுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவே காடியில் செருகிய பலகைகள். குறுக்குச் சட்டத்தின் நீளவாட்டம்தான் கதவின் அகலம். நீளவாட்டில் மரம் அசையாது. ஆக, கதவின் அகலத்தில் கூடுவது இரண்டு நெட்டுச் சட்டங்களின் வீக்கம் மட்டுமே. ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 2.7 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தேர்ந்த ஆசாரி கதவைச் சுற்றி விடும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்துக்குள் அது அடங்கிவிடும். நடுப்பலகை மட்டும் தன் விருப்பத்துக்கு வீங்கட்டும், சுருங்கட்டும் என்று காடிக்குள் இடம்விட்டு, பசையும் ஆணியும் போடாமல் விடுவார்கள். அறிவியல் பாடப்புத்தகம் இல்லாமல் எட்டப்பட்ட இந்தத் தீர்வை நான் மிகப் பெரிய பொறியியல் சாதனைகளோடு சேர்த்து வைப்பேன்.

அந்தப் பலகை அசைய வேண்டும் என்பது தெரியாமல் நாம் அதைக் கட்டிப்போடுகிறோம். லொடலொடக்கிறதே என்று சட்டத்தின் வழியாகப் பலகையில் ஆணி அடிப்பது, சந்து தெரிகிறதே என்று காடியைப் பட்டி வைத்து அடைப்பது, இரண்டும் கூடாது. சுருங்க இடமில்லாத பலகை கோடையில் நடுவே வெடிக்கும். பழைய கதவுகளில் பலகையின் நீளவாட்டில் ஓடும் வெடிப்பைப் பார்த்து மரம் மட்டம் என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் குற்றவாளி அந்த ஆணிதான். கோடையில் பலகையின் ஓரத்தில் பெயிண்ட் படாத வெள்ளைக் கோடு தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். பலகை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இன்று அதிகம் விற்பது ஃபிளஷ் கதவு. மெல்லிய மரத்தோல்களை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால், ஒரு அடுக்கின் வீக்கத்தை அடுத்த அடுக்கின் அசையாத நீளவாட்டம் பிடித்து நிறுத்துகிறது. அதன் பலவீனம் பசையில் இருக்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசை தொடர்ந்த ஈரத்தைத் தாங்காது; ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை தாங்கும். வாங்கும்போது வெளிப்புற டிசைனைக் கேட்பதற்கு முன் பசையைக் கேளுங்கள். அளவுக்காக அடியை அறுத்த ஃபிளஷ் கதவின் அறுத்த விளிம்பை அப்படியே மாட்டிவிடுவது நாடெங்கும் நடக்கும் தவறு. உள்ளே இருக்கும் மலிவான மரத்துண்டுகள் அந்த வழியாக ஈரம் குடித்து ஊதும். பின் தோல் பிரியும்.

கீழ் விளிம்புக்கு வருவோம். உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய குழாய்கள் மரத்தின் நீளவாட்டில்தான் ஓடுகின்றன. நெட்டுச் சட்டத்தை அடியில் அறுத்தால் தெரிவது அந்தக் குழாய்களின் திறந்த வாய்கள். ஒரு கட்டு உறிஞ்சுகுழல்களைத் தண்ணீரில் நிறுத்தியதற்கு ஒப்பானது அது. பக்கவாட்டு முகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக நீர் அதன் வழியே ஏறும். கதவின் நான்கு நெட்டு முனைகள், நிலையின் இரண்டு கால்கள், இந்த ஆறு இடங்களும்தான் கதவின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பெயிண்டர் இவற்றைத் தொடுவதே இல்லை. கதவைக் கீலில் மாட்டிய பிறகு பெயிண்ட் அடித்தால் கீழ் விளிம்புக்குள் பிரஷ் போகாது. மேல் விளிம்பை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நம் பழக்கங்களும் இதற்குத் துணைபோகின்றன. காலையில் வாசல் தெளிக்கும்போதும், வீடு கழுவும்போதும் நிலையின் கால் தினமும் நனைகிறது. வாசல் தெளிப்பதை விடச் சொல்லவில்லை. நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தில் ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் போதும். புதிதாகக் கட்டுபவர்கள் நிலையைத் தரைக்குள் புதைக்காமல், அதன் காலுக்குக் கீழே ஒரு கருங்கல் துண்டையோ கிரானைட் துண்டையோ கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். நிலையின் சுவரைப் பார்த்த முகத்துக்குத் தார் பூசியபின் பதிப்பது கொத்தனார்களின் பழைய வழக்கம். செங்கல்லின் ஈரம் மரத்துக்குள் போகாமல் அது தடுக்கும். அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள்.

குளியலறைக் கதவின் அடியில் அலுமினியத் தகடு அடிப்பதும் பரவலான வழக்கம். அதை நான் ஏற்கமாட்டேன். ஆணித் துளை வழியாகவும் தகட்டின் மேல் விளிம்பு வழியாகவும் நீர் உள்ளே போகும். வெளியே வர வழி கிடையாது. தகடு பளபளவென்று இருக்க, அதன் பின்னால் மரம் தூளாகிக்கொண்டிருக்கும். தகடு வேண்டுமென்றால் மரத்தை நான்கு பக்கமும் நன்றாக அடைத்த பிறகு, சிலிக்கான் பசையால் இடைவெளி இல்லாமல் ஒட்டச் சொல்லுங்கள். தினம் நாலைந்து பேர் குளிக்கும் அறைக்கு மரக்கதவே வேண்டாம், பிவிசி போதும் என்பது என் முடிவான கருத்து.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அது வேலை செய்ய மரத்தின் ஈரம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் பூஞ்சை பிடிக்காது. அதாவது காற்றின் ஈரம் மட்டும் ஒரு கதவை மக்க வைப்பது அபூர்வம். தண்ணீர் நேராகப் பட்டு நின்றால்தான் மக்கும். மழைக்கால வீக்கத்துக்கு அஞ்ச வேண்டாம், தேங்கும் நீருக்கு அஞ்ச வேண்டும்.

பூச்சிகளில் இரண்டை வேறுபடுத்தத் தெரிய வேண்டும். கதவின் கீழே மாவு போன்ற மென்தூள் கொட்டி, மரத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் அது வண்டின் வேலை. மரம் உளுக்கிறது என்போமே, அது. இந்த வண்டின் புழுக்களுக்கு மரத்தின் மாவுச்சத்துதான் தீனி. மாவுச்சத்து மிகுந்த ரப்பர் மரமும், பல மரங்களில் வெளிப்புறமுள்ள வெள்ளைப் பகுதியும் இதற்கு இரை. ரப்பர் மரத்தைப் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தாமல் பயன்படுத்தக் கூடாது என்பதன் காரணம் இதுதான்.

மண் பூசிய கோடு சுவரிலோ நிலையிலோ ஏறினால் அது கரையான். அதன் உடல் மென்மையானது, காற்றில் உலர்ந்து செத்துப்போகும். அதனால்தான் மண்குழாய் கட்டி ஈரமாக நடக்கிறது. நம் பகுதியில் புற்றுக் கட்டும் கரையான்கள் மரத்தை மென்று கொண்டுபோய்ப் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. அந்தப் பூஞ்சை மரத்தைச் செரிக்க உதவுகிறது. நிலையில் ஏறிய கோட்டைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவது இரண்டு நாள் பலன்தான். எண்ணெய் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ராணியும் கூட்டமும் மண்ணுக்குள் இருக்கும்போது மருந்தும் மண்ணுக்குத்தான் போக வேண்டும். உரிமம் பெற்றவர்களைக் கொண்டு நிலையை ஒட்டித் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவதே வழி. கூடவே, கரையானை அங்கே வரவழைத்த நீர்க்கசிவு எது என்று தேடுங்கள்.

தேக்குக்குக் கரையான் எளிதில் வராது என்பது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியில் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கரையானுக்கு அது ஆகாது. எண்ணெய்ப்பசையும் சிறிது ரப்பர் சத்தும் சேர்ந்து நீரையும் தள்ளுகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் நூறாண்டு தாண்டி நிற்பதற்கு அதுவும், அவற்றை மழையும் வெயிலும் தொடாதபடி காத்த திண்ணையும் முகப்பும் காரணங்கள். தேக்கின் வெள்ளைப் பகுதிக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. இள வயதில் வெட்டும் மரத்தில் வெள்ளைதான் அதிகம். தேக்கு என்று பில் இருந்தாலும் சட்டத்தின் ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அதைத் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள். காப்பு இல்லாத மரத்துக்கு வேதிக் காப்பு தருவதில் உலகுக்கே வழிகாட்டியவர் சொந்தி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 1933இல் அவர் கண்டறிந்த செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை பல பத்தாண்டுகள் உலகமெங்கும் மரக்கம்பங்களைக் காத்தது. ஆர்சனிக் நச்சு என்பதால் இன்று வீடுகளுக்கு அதைத் தவிர்க்கிறார்கள்.

வெயிலின் வேலையைப் பார்ப்போம். சூரிய ஒளியின் புறஊதாக் கதிரை லிக்னின் உறிஞ்சிச் சிதைகிறது. சிதைந்த லிக்னினை மழை கழுவ, மேற்பரப்பு சாம்பல் நிறமாகும். நிறமில்லாத வார்னிஷ் வழியாகப் புறஊதா உள்ளே புகுவதால், வார்னிஷ் ஒட்டியிருக்கும் மரப்பரப்பே அழிகிறது. பிடிமானம் போன வார்னிஷ் உரிகிறது. மேற்குப் பார்த்த வாசலில் இது சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் தாழ்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு மறைக்காது. அத்தகைய கதவுக்கு நிறமுள்ள பெயிண்டே சிறந்த காப்பு. மர வரிகள் தெரிய வேண்டுமென்று ஆசைப்படுபவர்கள் புறஊதா தடுக்கும், வெளிப்புறத்துக்கென்றே தயாரித்த பூச்சை வாங்கி, உரியத் தொடங்கும் முன்பே லேசாக உப்புத்தாள் தேய்த்து மறு கோட் கொடுக்க வேண்டும். உரிந்த பிறகு கொடுத்தால் முழுக்கச் சுரண்டியாக வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் உள் கதவுக்கு மட்டுமே. நீர் நின்றால் வெண்தடம் விழும்.

எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டியான படலமாகும். தேங்காய் எண்ணெய் ஒருபோதும் அப்படி உலராது. பிசுபிசுத்துத் தூசி சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த வினையில் வெளிப்படும் வெப்பம் தேங்கித் துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

எந்தப் பூச்சும் நீராவியை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் இரண்டு முகத்துக்கும் ஒரே பூச்சு, ஒரே எண்ணிக்கை கோட் வேண்டும். வாசல் பக்கம் நாலு கோட் பாலிஷ், உள்பக்கம் ஒரே கோட் என்றால் ஒரு பக்கம் அதிகம் ஈரம் குடித்து அதிகம் விரியும், கதவு கோணும். ஒரு முகத்துக்கு மட்டும் லேமினேட் ஒட்டினாலும் இதே கதிதான்.

கதவு உரசினால் இழைப்பதற்கு முன் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். தாழ்ப்பாள் பக்கம் மேல் முனை மட்டும் நிலையில் இடித்து, அதே பக்கத்தின் கீழ் முனை தரையைத் தேய்த்தால் ஈரத்தின் மேல் பழி போடாதீர்கள். மேல் கீல் தளர்ந்திருக்கிறது. திருகாணித் துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து நிரப்பி, திருகாணியை மறுபடி முடுக்கினால் சரியாகும். கடலோர ஊர்களில் இரும்புத் திருகாணி துருவேறி, துவர்ப்புச் சத்துள்ள மரத்தைச் சுற்றிலும் கறுக்கச் செய்யும். அங்கே பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். விளிம்பு நெடுகச் சீராக உரசினால்தான் அது வீக்கம். அதற்கு இப்போதைக்கு மெழுகுவர்த்தியை விளிம்பில் தேயுங்கள், தை வரை பொறுங்கள். காய்ந்த பிறகும் இறுகினால் இழைக்கலாம், இழைத்த இடத்துக்கு அன்றே பிரைமர் அடிக்க வேண்டும்.

பழைய வீட்டில் பெயிண்டைச் சுரண்டுவதானால் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதன் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்து, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கமும் நடந்ததுபோல் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டால், நனைந்த கதவை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, மரம் வெடிக்கும். சேற்றைக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக வைத்து வாரக்கணக்கில் காயவிடுங்கள்.

பங்குனி, சித்திரைதான் கதவு வேலைக்கு ஏற்ற காலம்; மழைக்கால ஈரம் போய் மரம் காய்ந்திருக்கும். ஒரு நாள் ஒதுக்கி, கீலைக் கழற்றிக் கதவைப் படுக்க வையுங்கள். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உப்புத்தாள் போட்டு, பிரைமர் குடிக்கும் மட்டும் குடிக்க விட்டு, அதன் மேல் இரண்டு கோட் பெயிண்ட் கொடுங்கள். பெயிண்டருக்குக் கூலி பேசும்போதே இந்த இரண்டு விளிம்புகளையும் கணக்கில் சேர்த்துப் பேசிவிடுங்கள்.